வழிகாட்டி நாயின் வாழ்க்கை, குட்டியிலிருந்து ஓய்வு வரை: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டனின் வடமேற்குப் பகுதியில் இருக்கிறோம். 2012-இலிருந்து எங்கள் வீட்டில் மூன்று லாப்ரடார் குட்டிகள் வளர்ந்து, பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டும் பயிற்சிக்குப் போயிருக்கின்றன. இரண்டு வேலையில் சேர்ந்தன, ஒன்று சேரவில்லை. கோயில் வாசலிலும் கல்யாண மண்டபத்திலும் மதுரையிலிருந்து வரும் வீடியோ காலிலும் எங்களிடம் கேட்கப்படும் கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றேதான். பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் சொல்வது பிரிட்டனில் நடக்கும் முறை.

"கடைக்குப் போ" என்று சொன்னால் நாய் கூட்டிக்கொண்டு போய்விடுமா?

போகாது. வழிகாட்டி என்ற பெயரைக் கேட்டதும் எல்லாருக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் வழி தெரிந்திருக்க வேண்டியவர் மனிதர். வீட்டைவிட்டு இறங்கியதும் வலது பக்கம், இரண்டாவது தெருமுனையில் இடது பக்கம், அப்புறம் பஸ் நிறுத்தம் தாண்டிக் கடை என்று அவர் மனதுக்குள் பாதை இருக்கும். "ஃபார்வர்ட்", "லெஃப்ட்", "ரைட்" என்று அவர்தான் சொல்லிக்கொண்டு போவார். அந்தப் பாதையில் அவரை முட்டாமல், இடறாமல், விழாமல் கொண்டுபோவது நாயின் வேலை.

நடைபாதையில் பாதி ஏற்றி நிறுத்திய கார், குப்பைத்தொட்டி, கட்டட வேலைக்குப் போட்ட சாரம், இவற்றைச் சுற்றிப் போவது ஒரு மாதிரி சுலபம். தலைக்கு நேரே நீட்டிக்கொண்டிருக்கும் மரக்கிளையை நினைத்துப் பாருங்கள். நாய் அதற்கு அடியில் தாராளமாகப் போய்விடும். பக்கத்தில் வருபவருக்கு நெற்றியில் இடிக்கும். தன் உடம்புக்கு மட்டும் இல்லாமல் கூட வருபவரின் அகலத்துக்கும் உயரத்துக்கும் சேர்த்து இடம் பார்க்க அந்த நாய் கற்றுக்கொள்ள வேண்டும். இந்த வேலையிலேயே கடினமான பாடம் இதுதான் என்பது என் எண்ணம்.

பலமுறை போன இடங்களை நாய் ஞாபகம் வைத்துக்கொள்ளும் என்பதும் உண்மைதான். கதவு, காலி நாற்காலி, மாடிப்படி போன்றவற்றை "ஃபைண்ட்" என்று சொன்னால் தேடிக் காட்டவும் பழக்குகிறார்கள்.

சிக்னலில் பச்சை விழுந்தது அதற்கு எப்படித் தெரிகிறது?

தெரிவதில்லை. நாயின் கண் நீலத்தையும் மஞ்சளையும் நன்றாகப் பிரித்துப் பார்க்கும், சிவப்பும் பச்சையும் அதற்குக் குழப்பம். நடைபாதையின் விளிம்பு வந்ததும் நிற்பது நாயின் கடமை. கடக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்பவர் மனிதர், வண்டிச் சத்தத்தைக் கேட்டு. பிரிட்டனில் சிக்னல் பொத்தான் இருக்கும் பெட்டிகள் பலவற்றின் அடியில் விரல் நுனி அளவுக்கு ஒரு சின்னக் கூம்பு இருக்கிறது. நடப்பவருக்குப் பச்சை விழுந்ததும் அது சுழலும். அடுத்த முறை இங்கே வந்தால் பெட்டிக்கு அடியில் கைவிட்டுத் தொட்டுப் பாருங்கள், பார்வையுள்ளவர்களில் பெரும்பாலோருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

அவர் "ஃபார்வர்ட்" சொல்லிவிட்டார், அதே நேரம் மூலையிலிருந்து ஒரு கார் திரும்புகிறது என்றால் நாய் நகரக் கூடாது. சொல்பேச்சு கேட்கப் பழக்கிய நாய்க்கே, எப்போது கேட்கக் கூடாது என்பதையும் பழக்குகிறார்கள். மின்சாரக் கார்கள் வந்தபோது இவர்களுக்குப் பெரிய பயம் இருந்தது, சத்தமே இல்லாமல் வந்து நிற்கின்றனவே. பார்வையற்றோர் அமைப்புகள் விடாமல் கேட்டதன் பிறகு, மெதுவாகப் போகும்போது செயற்கையாக ஒலி எழுப்ப வேண்டும் என்று விதி வந்தது. 2019 ஜூலையில் புது மாடல்களுக்கும், 2021 ஜூலையில் எல்லாப் புது மின்சாரக் கார்களுக்கும்.

இதை யார் ஆரம்பித்தார்கள்?

முதல் உலகப்போரில் கண்ணிழந்து திரும்பிய சிப்பாய்களுக்காக ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரில் 1916-இல் முதல் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. மருத்துவர் கெர்ஹார்ட் ஸ்டாலிங் தொடங்கினார். ஜெர்மனியில் நடப்பதைப் பார்த்த டாரதி யூஸ்டிஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி 1927-இல் ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் அதைப் பற்றி எழுதினார். அதன் பிறகு உலகமே திரும்பிப் பார்த்தது. பிரிட்டனில் 1931-இல், லிவர்பூலுக்கு ஆற்றின் மறுகரையில் இருக்கும் வாலசி என்ற ஊரில், மியூரியல் குரூக், ரோசமண்ட் பாண்ட் என்ற இரண்டு பெண்கள் முன்னின்று நடத்த, முதல் நான்கு நாய்கள் தயாராயின. ஜூடி, ஃப்ளாஷ், ஃபாலி, மெட்டா. நான்கும் ஜெர்மன் ஷெப்பர்ட். நடத்திய இடம் ஒரு கார் ஷெட். இன்று நாடு முழுக்கக் கிளை பரப்பியிருக்கும் அறக்கட்டளையின் தொடக்கம் அந்த ஷெட்தான்.

இப்போது ஏன் லாப்ரடாரும் கோல்டன் ரெட்ரீவருமாகவே இருக்கின்றன?

உயரமும் பலமும் அளவாக இருக்கும், அந்நியரைக் கண்டால் சீறாது, அடிக்கடி ஆள் மாறினாலும் மனம் ஒடியாது. இரண்டு இனத்தையும் கலந்து பிறப்பவை இன்னும் நன்றாக வருகின்றன என்று அந்தக் கலப்பையே அதிகம் வளர்க்கிறார்கள். ஜெர்மன் ஷெப்பர்டும் இருக்கிறது, குறைவாக.

இன்னொரு காரணம் சாப்பாடு. லாப்ரடாருக்கு வயிறு நிறையவே நிறையாது என்பது வளர்த்தவர்களுக்குத் தெரியும். 2016-இல் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் இதற்கு ஒரு மரபணுக் காரணம் கண்டுபிடித்தார்கள். பசியடங்கியதைச் சொல்லும் மரபணு ஒன்றில் ஒரு துண்டு விடுபட்டிருக்கிறது. சாதாரண லாப்ரடார்களில் நாலில் ஒன்றுக்கு இந்தக் குறை இருந்தது, அவர்கள் பார்த்த உதவி நாய்களிலோ நாலில் மூன்றுக்கு. ஒரு வாய் தீனிக்காக எதையும் கற்றுக்கொள்ளத் தயாராக இருப்பதால்தான் இவை பயிற்சியில் தேறுகின்றன போலும். அந்தப் பசியோடுதான் அவை கசாப்புக்கடையையும் பேக்கரியையும் திரும்பிப் பார்க்காமல் கடந்து போகின்றன. அதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு இளகும்.

குட்டி எங்கே பிறக்கிறது? எத்தனை நாளில் உங்களிடம் வருகிறது?

தாய் நாய்களும் கூண்டில் இல்லை, தொண்டர்கள் வீட்டில்தான் வாழ்கின்றன. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்கு ஒரே எழுத்தில் தொடங்கும் பெயர்கள். சுமார் எட்டு வாரத்தில் எங்களைப் போன்ற வளர்ப்பு வீட்டுக்கு வந்துவிடும். தீனியும் மருத்துவச் செலவும் அறக்கட்டளையுடையது. வாரக்கணக்கில் தூக்கம் கெடுவது நம்முடையது.

வீட்டில் வளர்க்கும் இந்த முறை 1956-இல்தான் இங்கே வந்தது. அதற்கு முன் வளர்ந்த நாய்களாக வாங்கியோ, தானமாகப் பெற்றோ பயிற்சி கொடுத்தார்கள். நிறைய நாய்கள் தேறவில்லை. படிக்கட்டு, பஸ், குழந்தை, குடை எல்லாவற்றையும் குட்டியிலேயே பார்த்திருந்தால்தான் பிற்பாடு மிரளாது.

வீட்டில் நீங்கள் என்ன கற்றுக்கொடுப்பீர்கள்?

வழிகாட்டுவதை நாங்கள் தொடுவதே இல்லை, அது பிறகு வரும். எங்கள் பொறுப்பு உலகத்தைப் பழக்குவது. ரயில் பெட்டியில் காலடியில் படுப்பது, உணவகத்தில் மேசைக்கு அடியில் ஒரு மணி நேரம் சும்மா இருப்பது, சோபாவில் ஏறாமல் இருப்பது, ஆள் வந்தால் மேலே தாவாமல் இருப்பது. "பிஸி பிஸி" என்று சொன்னால் சிறுநீர், மலம் கழிப்பது. இதைக் கேட்டு எங்கள் சொந்தக்காரர்கள் ஆச்சரியப்படுவார்கள். ஆனால் பார்வையில்லாதவர் எங்கே சுத்தம் செய்வது என்று தேடி அலையாமல் இருக்க இதைவிட உபயோகமான பாடம் இல்லை. குழாய் ரயில் எஸ்கலேட்டரில் மட்டும் குட்டியை ஏற்ற மாட்டோம், படிகளின் பல்லில் பாதம் மாட்டிக்கொள்ளும். லிஃப்ட் இல்லாவிட்டால் படிக்கட்டு.

கூப்பிட்டால் வருவதற்கு விசில். ஒவ்வொரு வேளையும் தீனித் தட்டை வைக்கும் முன் விசில் ஊதுவோம், அப்புறம் எங்கே ஊதினாலும் ஓடி வரும். முதல் குட்டி வந்த மூன்றாவது வாரம், என் மனைவி பருப்பு வைத்திருந்தாள். குக்கர் முதல் விசில் விட்டது. பின்கட்டில் தூங்கிக்கொண்டிருந்தவன் காது மடங்க, வழவழத் தரையில் நாலு காலும் வழுக்க ஓடி வந்து, காலித் தட்டின் முன் நிமிர்ந்து உட்கார்ந்து எங்களைப் பார்த்தான். இரண்டாவது விசிலுக்குத் தட்டைப் பார்த்தான். மறுநாளிலிருந்து குக்கர் போடும் நேரத்தில் அவனைத் தோட்டத்துக்கு அழைத்துப் போய்விடுவேன். அவனுக்கு விசில் என்றால் ஒரே அர்த்தம்தான் இருக்க வேண்டும்.

அவன் பெயரை இங்கே எழுதவில்லை. வேலை செய்யும் நாயின் பெயர் தெரிந்தால் தெருவில் போகிறவர்கள் கூப்பிட்டுவிடுவார்கள். அந்தப் பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

நம் வீட்டுச் சாப்பாடு கொடுக்கலாமா?

கொடுக்கக் கூடாது, ஒரு பருக்கைகூட. மனிதத் தட்டிலிருந்து தின்னப் பழகிய நாய் உணவகத்தில் படுத்திருக்காது. இதைவிட முக்கியமாக, நம் சமையலறையில் நாய்க்கு விஷமானவை பல இருக்கின்றன. வெங்காயம், பூண்டு, சாக்லேட், அதோடு உலர்திராட்சை. திராட்சை சில நாய்களின் சிறுநீரகத்தையே செயலிழக்க வைத்துவிடும், எவ்வளவு தின்றால் என்று கணக்கும் கிடையாது. ஒரு பொங்கலன்று, நெய்யில் வறுத்த திராட்சை நாலைந்து அடுப்படியில் சிந்தி, நான் குனிவதற்குள் காணாமல் போயிற்று. சர்க்கரைப் பொங்கலை அப்படியே விட்டுவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் ஓடினோம். ஊசி போட்டு வாந்தியெடுக்க வைத்தார்கள். பிழைத்துக்கொண்டான். அதற்குப் பிறகு குட்டி இருக்கும் வருடங்களில் எங்கள் வீட்டுப் பாயசத்தில் முந்திரி மட்டும்தான்.

தீபாவளி வெடிச்சத்தம்?

இங்கே தீபாவளியும் நவம்பர் 5 வாணவேடிக்கையும் அடுத்தடுத்து வரும், இரண்டு மூன்று வாரம் விடாமல் சத்தம். வெடிக்குப் பயந்து நடுங்கும் நாயால் வேலை செய்ய முடியாது. அதனால் சின்ன வயதிலேயே, கதவைச் சாத்தி, மெல்லிய சத்தத்திலிருந்து தொடங்கி, தீனி கொடுத்துக்கொண்டே பழக்குவோம். எங்கள் இரண்டாவது குட்டி பயிற்சியில் நின்றுபோனது வெடிச்சத்தத்தால்தான். பக்கத்துத் தோட்டத்தில் திடீரென்று வெடித்த ஒரு வெடிக்குப் பிறகு அவள் பழையபடி ஆகவில்லை.

ஒரு வருடம் வளர்த்துவிட்டு எப்படிக் கொடுக்க மனசு வருகிறது?

எல்லாரும் கேட்கும் கேள்வி. "நானாயிருந்தால் கொடுக்கவே மாட்டேன், எனக்கு நாய் என்றால் உயிர்" என்றும் சேர்த்துச் சொல்வார்கள். எங்களுக்கும் உயிர்தான்.

சுமார் பன்னிரண்டு பதினான்கு மாதத்தில் கடிதம் வரும், இன்ன தேதி என்று. முதல் தடவை அந்தக் காலையில் நான் அவனை வழக்கமான பூங்காவுக்கு நடத்திப் போனேன். திரும்பி வந்து துண்டால் பாதத்தைத் துடைத்தேன், நாலு பாதத்தையும், விரல் இடுக்கு வரை. அவன் ஒவ்வொரு காலாகத் தானே தூக்கிக் கொடுத்தான். வேனில் ஏறும்போது திரும்பிப் பார்க்கவில்லை, அங்கே இன்னொரு நாய் இருந்தது, அதை மோந்துகொண்டிருந்தான். அந்த நிமிஷம் அது வலித்தது. பிறகு யோசித்தபோது, அப்படித் திரும்பிப் பார்க்காமல் போகும் நாயாக வளர்த்ததுதான் நாங்கள் செய்த சரியான காரியம் என்று பட்டது. புது இடத்துக்கு அஞ்சாத நாய்தானே வேண்டும்.

அம்மா அப்போது எங்களோடு இருந்தார். நாய் என்றாலே ஒதுங்குபவர், சாமி அறைப் பக்கம் வரவிடாதவர். வேன் போன பிறகு தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, "பொண்ணைக் கட்டிக் கொடுத்த மாதிரி இருக்குடா" என்றார். இதைவிட நன்றாக எனக்குச் சொல்லத் தெரியாது.

அதன் பிறகு நடக்கும் பயிற்சி எப்படிப்பட்டது?

ஏறக்குறைய அரை வருடம். அடி கிடையாது, சரியாகச் செய்தால் தீனியும் பாராட்டும். கைப்பிடி வைத்த சேணத்தை, ஹார்னஸ் என்பார்கள், முதுகில் மாட்டுவார்கள். அதன் வழியாகத்தான் நாயின் தோள் அசைவு மனிதரின் இடது கைக்குத் தெரிகிறது. நாய் மெதுவாகிறதா, விலகுகிறதா, நின்றுவிட்டதா என்று கையே சொல்லிவிடும். முடிவில் பயிற்சியாளர் கண்ணைக் கட்டிக்கொண்டு அந்த நாயோடு தெருவில் நடப்பார்.

எந்த நாய் யாருக்கு என்று எப்படித் தீர்மானிக்கிறார்கள்?

முதலில் நடைவேகம். வேகமாக நடப்பவருக்கு மெத்தனமான நாய் கொடுத்தால் இருவருக்கும் நரகம். அடுத்து உயரம், இருக்கும் இடம், செய்யும் வேலை, வீட்டில் குழந்தைகள் உண்டா, தினம் ரயிலா பஸ்ஸா. பொருத்தம் பார்த்த பிறகு பல வாரம் இருவருக்கும் சேர்த்தே பயிற்சி. பெறுபவர் கொடுப்பது ஐம்பது பென்ஸ், சும்மா கிடைத்தது என்று இருக்கக் கூடாது என்பதற்காக ஒரு பெயருக்கு. உண்மையில் ஒரு நாய்க்குப் பல பத்தாயிரம் பவுண்ட் ஆகிறது. பொதுமக்கள் நன்கொடையும், இறக்கும்போது உயிலில் எழுதிவைக்கும் பணமும்தான் அதில் பெரும்பகுதி. 2020-இல் கொரோனாவால் சில மாதம் இனப்பெருக்கமே நிறுத்தப்பட்டது, பயிற்சியும் தடைபட்டது. காத்திருப்பு வருடக்கணக்கில் நீண்டது.

பாவம் இல்லையா, நாள் முழுக்க வேலை வாங்குவது?

நாள் முழுக்க இல்லை. அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தால் மேசைக்கு அடியில் தூக்கம். ஹார்னஸைக் கழற்றினால் சாதாரண நாய், பூங்காவில் அவிழ்த்துவிட்டால் சேற்றில் புரளும். மற்ற நாய்கள் எட்டு மணி நேரம் பூட்டிய வீட்டில் தனியாகக் கிடக்க, இது தன் மனிதரை விட்டுப் பிரியாமல் இருக்கிறது. என் கவலை வேறு: கட்டாமல் விட்ட பிற நாய்கள் பாய்ந்து கடிப்பது. ஒரு கடியில் நல்ல வழிகாட்டி நாய் பயந்து, வேலையே முடிந்துபோகும். உதவி நாயை ஒரு நாய் தாக்கினால் அதன் உரிமையாளருக்குச் சிறைத் தண்டனை வரை உண்டு, 2014-இலிருந்து.

தெருவில் பார்த்தால் தடவிக் கொடுக்கலாமா?

ஹார்னஸ் இருந்தால் வேண்டாம். கூப்பிடவும் வேண்டாம், கண்ணைப் பார்த்துச் சிரிக்கவும் வேண்டாம், தீனி கூடவே கூடாது. நீங்கள் கொஞ்சும் அந்த ஒரு நொடியில் அது விளிம்பைத் தவறவிடலாம். உதவ நினைத்தால் மனிதரிடம் பேசுங்கள், "உதவி வேணுமா?" என்று. கையையோ ஹார்னஸையோ பிடித்து இழுக்காதீர்கள். ஹார்னஸில் சிவப்பும் வெள்ளையும் இருந்தால் அவருக்குக் காதும் சரியாகக் கேட்காது என்று அர்த்தம்.

கடை, டாக்சி, கோயில்: எங்கே விடுவார்கள்?

2010 சமத்துவச் சட்டப்படி, பயிற்சி முடித்த நாயோடு வருபவரைக் கடையோ உணவகமோ தடுக்க முடியாது. டாக்சி ஓட்டுநர் மறுத்தால் ஆயிரம் பவுண்ட் வரை அபராதம், மருத்துவக் காரணம் காட்டி விலக்குச் சான்று வாங்கியவர் தவிர. இருந்தும் மறுக்கிறார்கள். மழையில் நிற்க வைத்துவிட்டுப் போன டாக்சிகளைப் பற்றி, எங்கள் குட்டியை வைத்திருந்தவர் கோபமே இல்லாத குரலில் சொல்வார், கேட்கும் எனக்குத்தான் உடம்பு பற்றி எரியும். பயிற்சியில் இருக்கும் குட்டிக்கு இந்த உரிமை கிடையாது, கடைக்காரர் மனசு வைத்தால்தான். கோயிலில் நாங்கள் ஒருபோதும் கேட்டதில்லை. ஆனால் 2008-இல் லெஸ்டரில் ஒரு பள்ளிவாசல், தொழ வந்த இளைஞரின் வழிகாட்டி நாய்க்கு வாசல் பக்கம் தனி இடம் ஒதுக்கிக் கொடுத்தது. நம் கோயில்களிலும் செருப்பு வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஆறடி இடமா இல்லை? பார்வையற்ற ஒரு பக்தர் தனியாக வந்து போக அது போதும்.

தேறாத நாய்கள்?

எங்கள் இரண்டாவது குட்டி அதுதான். அதை நான் தோல்வி என்று சொல்வதில்லை. சில நாய்கள் பார்வைக் குறைபாடுள்ள குழந்தைகளுக்குத் துணை நாயாகப் போகின்றன, சில வேறு உதவி அமைப்புகளுக்கு, சில சாதாரண வீட்டுக்கு. எங்களவள் கடலோரம் ஒரு குடும்பத்தில் இருக்கிறாள். அங்கே வெடிச்சத்தம் குறைவு.

எத்தனை வயதில் ஓய்வு? பிறகு என்ன ஆகும்?

பெரும்பாலும் எட்டிலிருந்து பத்து வயதுக்குள். யாரும் தேதி குறிப்பதில்லை, நாயே காட்டும். நடை குறையும், விளிம்பில் தயங்கும், ஹார்னஸை எடுத்தால் முன்போல் தலையை நுழைக்க வராது. முதலில் கவனிப்பவர் கூட நடப்பவர்தான். அவர் கைக்குத்தான் தெரியும். பலர் சில வாரம் சொல்லாமல் வைத்திருப்பார்கள், சொன்னால் பிரிவு வரும் என்று.

உரிமையாளரே வைத்துக்கொள்ளலாம். முடியாவிட்டால் அவர் குடும்பம், நண்பர்கள், சில நேரம் குட்டியில் வளர்த்த வீடு, அதற்கப்புறம்தான் வெளியார். எங்கள் முதல்வன் 2022-இல் பத்து வயதில் ஓய்வு பெற்றபோது எங்களையும் கேட்டார்கள். நாங்கள் "சரி" சொல்லிக் காத்திருந்தோம். கடைசியில் அவர் தன்னோடே வைத்துக்கொண்டார், அவர் மனைவி பார்த்துக்கொள்வதாகச் சொல்லி. அதுதான் நியாயம். எங்களோடு இருந்தது ஒரு வருடம், அவரோடு எட்டு வருடம்.

வருடம் இரண்டு தடவை போய்ப் பார்க்கிறோம். புது நாய் வந்துவிட்டது. காலையில் அவர் ஹார்னஸைக் கொக்கியிலிருந்து எடுக்கும் சத்தம் கேட்டால் கிழவன் படுக்கையிலிருந்து எழுந்து வாசல் வரை வருவான். முதல் சில மாதம் இது அவருக்குத் தாங்கவில்லை, அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு நிற்பாராம். இப்போது அதற்கும் ஒரு வழக்கம் வந்துவிட்டது: புது நாய்க்கு ஹார்னஸ் மாட்டிய பிறகு, கிழவனுக்கு ஒரு பிஸ்கட். தின்றுவிட்டுத் தானே போய்ப் படுத்துக்கொள்கிறான்.

நாங்களும் குட்டி வளர்க்கலாமா?

பதினெட்டு வயது தாண்டியிருக்க வேண்டும், பகலில் யாராவது வீட்டில் இருக்க வேண்டும், குட்டியைச் சில மணி நேரத்துக்கு மேல் தனியே விட முடியாது. வேலியடைத்த தோட்டம் இருந்தால் நல்லது. சைவ வீடா, சாமி அறை உண்டா என்பதெல்லாம் தடையில்லை, நாய் நுழையாத அறை ஒன்று இருப்பது அதற்கும் நல்ல பாடம்தான். விசிலை அவர்களே தருவார்கள். உலர்திராட்சை டப்பாவை மட்டும் இன்றைக்கே மேல் தட்டுக்கு மாற்றிவிடுங்கள்.